இருட்டில் நரம்பு சொல்லும் சேதி: கெண்டைத் தூண்டிலுக்கு மின் அலாரம் வந்த கதை

1952 செப்டம்பர் 13. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில், மூன்று ஏக்கர் பரப்புள்ள ரெட்மயர் குளம். விடிய இன்னும் நேரம் இருந்தது. மேகம் மூடிய கும்மிருட்டு. ரிச்சர்ட் வாக்கரும் அவருடைய நண்பர் பீட் தாமஸும் கரையில் தூண்டில் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். ஐந்து மணிக்குச் சற்று முன் பஸ்ஸர் ஒலித்தது. வாக்கர் எழுந்து தூண்டில் கோலைத் தூக்கினார். கடைசியில் பீட் தாமஸின் வலைக்குள் வந்து சேர்ந்த கெண்டையின் எடை 44 பவுண்டு, ஏறத்தாழ 20 கிலோ. பிரிட்டனில் அதுவரை தூண்டிலில் சிக்கிய கெண்டைகளில் அதுதான் பெரியது. அதற்கு முந்தைய ஆண்டு அதே குளத்தில் பாப் ரிச்சர்ட்ஸ் பிடித்தது 31 பவுண்டு 4 அவுன்ஸ். அதற்கும் முன்னால், 1930-லிருந்து இருபது வருஷம் யாரும் தாண்டாமல் நின்ற எடை 26 பவுண்டு.

மீனை அவர்கள் கொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சிசாலைக்குச் சொல்லி அனுப்ப, அவர்கள் தொட்டியோடு வந்து உயிருடன் எடுத்துப் போனார்கள். கிளாரிசா என்ற பெயரோடு 1971 வரை அது அங்கே வாழ்ந்தது. இந்த ஆய்வு அந்த மீனைப் பற்றியது அல்ல. அன்றைக்கு ஒலித்த பஸ்ஸரைப் பற்றியது.

அந்தப் பஸ்ஸருக்குச் சொல்லத் தெரிந்த சேதி ஒன்றே ஒன்றுதான்: தூண்டில் நரம்பு இழுபட்டது. எவ்வளவு, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இன்றைய அலாரம் இவ்வளவையும் சொல்கிறது. ஒரு வார்த்தை பேசத் தெரிந்த கருவி முழு வாக்கியம் பேசும் கருவியாக மாறிய கதை இது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கருவியை நகர்த்தியவர்கள் குளக்கரையில் இரவைக் கழித்த ஆட்கள்தான். அதனால்தான் இந்தக் கதை எனக்குப் பிடித்தமானது.

கெண்டை கடித்தால் எப்படித் தெரியும்?

இங்கே கெண்டை என்று நான் சொல்வது நம் மீன்வளத் துறையினர் சாதாக் கெண்டை என்று எழுதும் ஐரோப்பிய இனம். அதன் பெருஞ்செதில் வகையான கண்ணாடிக் கெண்டை 1939-லேயே இலங்கை வழியாக நீலகிரிக்கு வந்துவிட்டது. ஊட்டி ஏரியைப் பார்த்தவர்களுக்கு இந்த மீன் அந்நியம் இல்லை.

கெண்டைக்கு வாயில் பல் கிடையாது. அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. குளத்தடியில் கிடக்கும் இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். விரால் மாதிரி பாய்ந்து விழுங்குகிற மீன் இல்லை. இரையை வாயில் வைத்துக்கொண்டு நாலடி நகர்ந்து யோசிக்கிற மீன். போதாததற்கு, கோடை மாதங்களில் பெரிய கெண்டைகள் கரையை ஒட்டி மேய வருவது பெரும்பாலும் ராத்திரியில்தான். பகலில் தக்கையைப் பார்த்துக் கடியைக் கண்டுபிடிக்கலாம். ராத்திரியில் தக்கையே தெரியாதே!

அந்தக் காலத்து வழி எளிமையானது. கோலை இரண்டு தாங்கிகளில் கிடத்துவார்கள். நரம்பைச் சுற்றி வைத்திருக்கும் ரீலிலிருந்து அது தடையில்லாமல் ஓடும்படி திறந்து விடுவார்கள். ரீலுக்கும் கோலின் முதல் வளையத்துக்கும் நடுவே நரம்பைக் கொஞ்சம் தொய்யவிட்டு, அதில் பிசைந்த ரொட்டியை உருட்டி ஒட்டிவைப்பார்கள். இல்லையென்றால் மடித்த வெள்ளிக் காகிதத்தை மாட்டுவார்கள். மீன் இழுத்தால் அந்த உருண்டை மேலே ஏறும், காகிதம் சரசரக்கும். இந்த உருண்டைக்கு அவர்கள் வைத்த பெயர் பாபின். தையல் மெஷினில் நாம் சொல்கிறோமே, அதே சொல். பாபின் வேலை செய்தது, அதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் உட்கார்ந்திருக்கும் வரை. இரவு முழுக்க, அதுவும் தொடர்ந்து பல இரவுகள், இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளியை யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கண் அசந்த நிமிஷத்தில்தான் மீன் வரும்.

வாக்கரின் பெட்டி

வாக்கர் 1918-ல் ஹிட்சின் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தார். போர்க்காலத்தில் ஃபார்ன்பரோவில் ராடார் வேலை பார்த்தார். பிறகு லெட்ச்வொர்த்தில் புல்வெட்டும் இயந்திரம் செய்யும் குடும்பத் தொழிலுக்கு வந்தார். பெரிய கெண்டையைத் தூண்டிலில் பிடிக்கவே முடியாது, அது அதிர்ஷ்டத்தின் வேலை என்று எல்லாரும் நம்பிய காலம் அது. வாக்கர் அதைக் கணக்குப் போட்டுத் தீர்க்க வேண்டிய சிக்கலாகப் பார்த்தார். கோல் வளைந்து உடைகிறதா, அதற்கு ஏற்ற கோலைப் பிளந்த மூங்கிலில் தானே வடிவமைத்தார். மார்க் 4 என்ற அந்தக் கோல் இன்றும் பேசப்படுகிறது. இருட்டில் கடி தெரியவில்லையா, அதற்கு ஒரு மின்சுற்று செய்தார்.

இவரும் பீட் தாமஸ், மாரிஸ் இங்காம், 'பி.பி.' என்று எழுதிய டெனிஸ் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டு போன்ற சிலரும் சேர்ந்து கெண்டை பிடிப்பவர்களுக்கென்று ஒரு சிறு சங்கம் வைத்திருந்தார்கள். ஒரே கடிதக் கட்டு ஒருவர் மாற்றி ஒருவருக்குத் தபாலில் சுற்றும். ஒவ்வொருவரும் தான் கண்டதை அதில் எழுதிச் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். ஒரு கரையில் ஒருவர் கண்டுகொண்டது மற்ற கரைகளுக்குப் பரவியது அப்படித்தான்.

அலாரத்தின் அமைப்பு இதுதான். தரையில் குத்திய கம்பின் தலையில் ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து பூச்சியின் மீசை மாதிரி மெல்லிய கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூண்டில் நரம்பு அந்த மீசையை உரசிப் போகும்படி கோலை வைக்க வேண்டும். மீன் இழுத்தால் நரம்பு விறைக்கும், மீசை சாயும், பெட்டிக்குள் அதன் அடிமுனை ஒரு தொடுமுனையைத் தொடும். சுற்று மூடிக்கொள்ளும். பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து பஸ்ஸர் ஒலிக்கும். பிற்பாடு ஹெரான் என்ற பெயரில் கடைக்கு வந்த அலாரமும் இந்த மீசை வகைதான்.

சொல்லும்போது குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கிறது. இதன் குறைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஒன்றைச் செய்தே பார்த்தேன். ஒரு மரத்துண்டு, அறுந்த கிட்டார் கம்பி, பழைய டார்ச் லைட்டிலிருந்து கழற்றிய பித்தளைத் தகடு, ஒரு திருகு, 9 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன பஸ்ஸர். கம்பிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைத் திருகு தீர்மானிக்கும். மேசையின் மறுமுனையிலிருந்து நைலான் நரம்பைக் கம்பியைச் சுற்றி இழுத்து மெதுவாக விரலால் சுண்டினேன். பஸ்ஸர் கத்தியது. அந்த நிமிஷம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம்தான் சங்கடங்கள். திருகை அரைச் சுற்று உள்ளே விட்டால், மேலே ஓடும் மின்விசிறிக் காற்றுக்கே பஸ்ஸர் அலறுகிறது. அரைச் சுற்று வெளியே எடுத்தால், ஒரு மீன் முழு பலத்தோடு இழுத்தால்தான் கத்துவேன் என்கிறது. நடுவில் சரியான இடம் ஒரு முடி அளவு. இரண்டு இரவு மொட்டைமாடியில் வைத்தேன். பனி பட்டுத் தகடு மங்கிவிட்டது. முனை தொட்டும் சத்தம் வரவில்லை, உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை கடைசியில் தெரிந்தது. நரம்பை இழுப்பதற்குப் பதிலாகத் தளர்த்தினேன். மீசை நிமிர்ந்து பேசாமல் நின்றது. மீன் இரையோடு கரையை நோக்கி நீந்தி வந்தால் நடப்பது இதுதான். கோல்காரர் தூங்கிக்கொண்டிருப்பார், மீன் இரையைத் துப்பிவிட்டுப் போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். மீசையைச் சாய்ப்பதற்கு நரம்பு கொஞ்சமாவது பலம் செலவிட வேண்டும். அந்தத் தடை மீனின் உதட்டுக்குத் தெரியும். தடையே இருக்கக்கூடாது என்றுதான் ரீலைத் திறந்து வைக்கிறார்கள். அப்படியிருக்க அலாரமே ஒரு தடையைக் கொண்டுவந்து வைக்கிறது. வாக்கர் தலைமுறை கையில் உப்புத்தாளும் பொறுமையுமாக இதனோடு வாழ்ந்தது. இப்படியெல்லாம் இருந்தும் 44 பவுண்டு மீன் அன்றைக்கு அவர்களை எழுப்பியது இந்தக் கருவியால்தான் என்பதை மறக்கக்கூடாது.

ஒளிக்கற்றையும் சக்கரமும்

அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு அடிப்படை மாறவில்லை. 1970-களின் கடைசியில் டெல்லாரீட் என்ற ஆங்கிலேய நிறுவனம் கொண்டுவந்த ஆப்டானிக்தான் நிலைமையைப் புரட்டிப்போட்டது. என் மதிப்பில் இந்தக் கதையின் உண்மையான திருப்பம் வாக்கரின் பஸ்ஸரைவிட ஆப்டானிக்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

ஆப்டானிக்கில் மீசை இல்லை. நரம்பு ஒரு சிறு சக்கரத்தின் மேல் படிந்து போகிறது. நரம்பு நகர்ந்தால் சக்கரம் உருளும். சக்கரத்தின் அச்சோடு சேர்ந்து மெல்லிய இதழ்கள் சுழலும். இதழின் ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் அந்த ஒளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உணரி. இதழ் குறுக்கே வந்து ஒளியை மறைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு 'பீப்'. தொடுமுனை இல்லை, ஆகவே பனிக்குக் கறுப்பதற்கு ஒன்றுமில்லை. விறைப்பை அளக்கும் வேலை இல்லை, ஆகவே திருகைத் தேடி அல்லாட வேண்டாம்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். சக்கரத்தின் சுற்றளவு 4 சென்டிமீட்டர், இதழ்கள் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இரண்டு பீப். அதாவது நரம்பு 2 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு பீப். இதழ்களை நான்காக்கினால் 1 சென்டிமீட்டருக்கு ஒன்று. இப்போது படுத்தபடியே எண்ண முடிகிறது. ஒரே ஒரு பீப், அப்புறம் மௌனம் என்றால் ஏதோ ஒரு மீன் நரம்பில் இடித்துப் போயிருக்கிறது. இரண்டு மூன்று விட்டு விட்டு வந்தால் இரையை மோப்பம் பிடித்து விளையாடுகிறது. பீப்கள் நெருங்கி நெருங்கி ஒரே நீள ஒலியாக இழைந்துவிட்டால், செருப்பைத் தேடக்கூடாது, ஓட வேண்டும். நரம்பு தளர்ந்து தொங்கும் பாபின் கீழே இறங்கினாலும் சக்கரம் பின்பக்கமாக உருளும், அப்போதும் பீப் வரும். மீசை அலாரம் ஊமையாக நின்ற அந்த இடத்தில் ஆப்டானிக் பேசியது.

தொடக்க காலத்தில் கோலடியில் இருக்கும் தலைகளிலிருந்து, அதாவது சக்கரமும் உணரியும் உள்ள பகுதிகளிலிருந்து, கேபிள்கள் ஒரு ஒலிப்பெட்டிக்கு ஓடும். அந்தப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். காலில் கேபிள் மாட்டி இழுபடுவதும் பிளக் ஈரமாவதும் தினசரித் தொல்லை. ஒலியும் உணரியும் ஒரே உடலில் அடங்கிய வடிவம் பிறகு வந்தது. அதோடு வந்த ஒரு சின்ன வசதியை நான் ரொம்ப மதிக்கிறேன். கடி வந்து ஓய்ந்த பிறகும் சுமார் 20 விநாடிக்கு அந்தத் தலையின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மூன்று கோல் போட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருகிறவருக்கு எந்தக் கோல் கத்தியது என்று அதைப் பார்த்தே தெரியும்.

மீன் தானே மாட்டிக்கொள்ளும் காலம்

அதே சமயம் தூண்டிலின் மறுமுனையிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. லென்னி மிடில்டனும் கெவின் மாடாக்ஸும் இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து ஒரு மெல்லிய இழையில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். முதலில் உண்மையான தலைமுடியையே பயன்படுத்தியதால் அதற்கு முடிக்கட்டு என்றே பெயர் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் அது வெளியே தெரிந்தது. மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் கூடவே வாய்க்குள் போகும். துப்பும்போது முள் உதட்டில் குத்தும். நரம்பில் கனமான ஈயக்குண்டும் பொருத்தியிருந்தால், முள் குத்திய மீன் மிரண்டு ஓடும்போது அந்தக் கனமே முள்ளை ஆழ இறக்கிவிடும்.

அலாரத்தின் வேலையே இதனால் மாறிவிட்டது. வாக்கர் காலத்தில் ஒலி கேட்டதும் கோல்காரர் எழுந்து, நரம்பு ஓடும் வாகைப் பார்த்து, சரியான நொடியில் சுண்ட வேண்டும். அதாவது, கடி நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அலாரம் சொன்ன சேதி. முடிக்கட்டு வந்த பிறகு அலாரம் கத்தும்போது மீன் ஏற்கனவே மாட்டியிருக்கும். சுண்டுவதற்கு ஒன்றுமில்லை, கோலை எடுத்தால் போதும். மிரண்ட மீன் கோலையே குளத்துக்குள் இழுத்துப் போகும் ஆபத்துதான் புதிதாக முளைத்தது. 1980-களின் நடுவில் ஷிமானோ நிறுவனம் கொண்டுவந்த பெயிட்ரன்னர் ரீலில் ஒரு நெம்புகோலைத் தட்டினால் நரம்பு லேசான பிடியோடு ஓடும், கைப்பிடியைச் சுற்றினால் இறுக்கம் திரும்பிவிடும். முடிக்கட்டு, கனத்த ஈயம், இந்த ரீல், சக்கர அலாரம் ஆகிய நாலும் சேர்ந்து இன்றைக்கு ஐரோப்பா முழுக்க நாம் பார்க்கும் கெண்டைத் தூண்டில் முறையை உருவாக்கின. அலாரத்தை மட்டும் தனியே பிரித்து அதன் வளர்ச்சியைப் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பாபினும் மாறியது. காற்றில் ஆடாமல் இருக்க, தரையில் நட்ட ஊசியில் மேலும் கீழும் ஏறி இறங்கும் பிளாஸ்டிக் உருண்டை வந்தது. கிளையில் குரங்கு ஏறுவது மாதிரி இருப்பதால் அதை 'மங்கி கிளைம்பர்' என்றார்கள். இருட்டில் தெரிவதற்காக டிரிட்டியம் வாயு அடைத்த, தானே ஒளிரும் சிறு குழாய்களை அதில் செருகினார்கள். கத்துவதற்கு அலாரம் இருந்தும் இந்த உருண்டையைக் கைவிடவில்லை என்பது கவனிக்க வேண்டியது. காது எழுப்பிவிடும். ஆனால் நரம்பு எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கண்ணால் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கோலைத் தொடத்தான் எல்லாருக்கும் பிடித்தது.

சக்கரமே இல்லாமல்

ஆப்டானிக் வாங்கியவர்கள் அதை வாங்கியபடியே விட்டுவைக்கவில்லை. பிரித்தார்கள், இதழ்களைக் கூட்டினார்கள், ஒலியைத் திருத்தினார்கள். அப்படி ஆப்டானிக்கைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் தொடங்கியதுதான் டெல்கிம் நிறுவனம். 1990-களில் அவர்கள் கொண்டுவந்த டிஎக்ஸ்-ஐ அலாரத்தில் சக்கரமே கிடையாது. நரம்பு ஒரு நிலையான பட்டையின் மேல் கிடக்கிறது. அதன் அடியில் பீசோ உணரி. கேஸ் அடுப்பு லைட்டரைச் சொடுக்கினால் பொறி பறக்கிறதல்லவா, அங்கே வேலை செய்வதும் இதே வகைப் பொருள்தான். அழுத்தினாலோ அதிர்ந்தாலோ மின்னழுத்தம் தரும். நரம்பு பட்டையில் உரசி நகரும்போது எழும் நுண்ணிய அதிர்வை அது மின்குறியாக மாற்றுகிறது. சக்கரம் உருளாத அளவு சின்னச் சலனம்கூட இங்கே பதிவாகும்.

இதில் ஒரு விலை உண்டு. மழைத்துளி நரம்பில் விழுந்தாலும் அதிர்வுதான். காற்றில் நரம்பு ரீங்கரித்தாலும் அதிர்வுதான். எனவே எதை விட்டுவிட வேண்டும் என்று கருவிக்குச் சொல்லித்தருவது, எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தருவதற்குச் சமமான வேலையாகிவிட்டது. உணர்திறன் குமிழை இரவின் காற்றுக்கேற்பத் திருப்பத் தெரிந்தவர் தூங்குவார். தெரியாதவர் வௌவால் நரம்பில் இடித்ததற்கெல்லாம் எழுந்து ஓடுவார்.

சக்கர வகையும் நின்றுவிடவில்லை. ஒளிக்கற்றைக்குப் பதிலாகச் சக்கரத்தில் சிறு காந்தங்களைப் பதித்து, எதிரே காந்தம் நெருங்கினால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சையோ, காந்தப் புலத்தை உணரும் ஹால் உணரியையோ வைத்தார்கள். சேறும் தண்ணீரும் ஒளியை மறைக்கும், காந்தத்தை மறைக்காது. இரண்டு உணரிகளை அடுத்தடுத்து வைத்தால் எது முதலில் காந்தத்தைக் கண்டது என்பதைக் கொண்டு சக்கரம் உருளும் திசையும் தெரிந்துவிடும். மீன் கரைப்பக்கம் வந்தால் வேறு சுருதியில் கத்தும் அலாரங்கள் அப்படித்தான் வந்தன. என் பலகையிலிருந்த கிட்டார் கம்பியால் சொல்லவே முடியாமல் போன சேதி இது.

அலாரம் இல்லாத ஒரு காலை

1980 ஜூன் 16. மீன்பிடிப் பருவம் திறந்த முதல் நாள். வாக்கரின் 44 பவுண்டைத் தாண்டி 51 பவுண்டு 8 அவுன்ஸ் கெண்டையை கிறிஸ் யேட்ஸ் பிடித்தார். அதே ரெட்மயர் குளம். கையில் பிளந்த மூங்கில் கோல். இரை மக்காச்சோள மணி. அலாரம் வைத்துவிட்டுப் படுத்துக் கிடைத்த மீன் இல்லை அது. கரையோரமாக நடந்து, மீனைக் கண்ணால் தேடிப் பிடித்தது. ஆப்டானிக் பரவத் தொடங்கிய அதே நேரத்தில் இது நடந்தது.

இதை அலாரத்துக்கு எதிரான சாட்சியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மீன் கரையோரத்தில் தெளிந்த நீரில் தெரியும்போது கண்ணைவிட நல்ல அலாரம் இல்லை. மீன் நூறு மீட்டருக்கு அப்பால், இருட்டில், பத்தடி ஆழத்தில் மேயும்போது கண்ணால் ஆவது ஒன்றுமில்லை. அந்த இடத்துக்காகச் செய்த கருவி இது. யேட்ஸ் வேறு இடத்தில் நின்று வேறு விதமாகப் பிடித்தார், அவ்வளவுதான்.

தூரம் கூடியபோது

கேபிளின் இடத்தை ரேடியோ அலை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதியுள்ள 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒவ்வொரு தலையும் ஒரு சிறு ரிசீவருக்குச் சேதி அனுப்புகிறது. ரிசீவர் சட்டைப் பையில் இருக்கும். கூடாரத்துக்குள் ஒலியையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம், பக்கத்துக் கரையில் இருப்பவர் தூக்கமும் கெடாது.

எனக்கு உறுத்தல் இங்கேதான். கேபிள் இருந்தவரை கோல்காரர் கேபிளின் நீளத்துக்குள் இருந்தார். ரிசீவருக்கு எட்டும் தூரமோ அதைப் போலப் பல மடங்கு. நண்பரின் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டே மூன்று கோலைப் 'பார்த்துக்கொள்ள' முடியும் என்று ஆகிவிட்டது. முள் தானே குத்தும் முறையில் இது ஆபத்தான கூட்டு. அலாரம் கத்தி, ஆள் ஓடி வருவதற்குள் மீன் பாசிக்குள்ளோ மூழ்கிய கிளைக்குள்ளோ நுழைந்து நரம்பைச் சுற்றிக்கொண்டுவிடும். நரம்பு அறுந்தால் முள்ளோடும் ஈயத்தோடும் அது அங்கேயே கிடக்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் முகமையின் விதி இதைத் தெளிவாகவே தடுக்கிறது: இரையோடு தண்ணீரில் கிடக்கும் கோலை ஆளில்லாமல் விடக்கூடாது, எந்த நேரத்திலும் அதைக் கட்டுப்படுத்தும் நிலையில் ஆள் இருக்க வேண்டும். ரிசீவர் சத்தம் காதில் விழுகிறது என்பது இந்த விதிப்படி கோலருகே இருப்பதாக ஆகாது.

அதனால் நல்ல கோல்காரர்கள் படுக்கையைக் கோலுக்கு நாலடி தள்ளித்தான் விரிக்கிறார்கள். படுக்கப் போகுமுன் ஒவ்வொரு தலையின் முன்னாலும் குந்தி, ரீலுக்கும் அலாரத்துக்கும் இடையே நரம்பை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பார்க்கிறார்கள். ஒரு பீப். விட்டால் உருண்டை இறங்கி இன்னொரு பீப். அடுத்த கோல். அதிலும் இரண்டு. மூன்றாவதிலும் வந்துவிட்டால் காலணியை நாடாவைக் கட்டாமல் கால்மாட்டில் வைத்துவிட்டு விளக்கை அணைக்கிறார்கள்.